ஏழாம் பக்கத்து வௌவால்

பதிப்பகத்திலிருந்து மறுபடியும் அழைப்பு.
ஏழாம் பக்கத்து வௌவாலுக்கு
ஒரு சிரிப்பு வேண்டுமாம்.
"குழந்தைகள் பயப்படுவார்கள், மேடம்.
பல் தெரியாமல் லேசாக வரைந்தால் போதும்."

லேசான சிரிப்பை எங்கே வைப்பது?
நரி மூக்கு. ஈரக் கண்.
கழுத்தைச் சுற்றி
வெயில் பட்ட வைக்கோல் நிறத்தில் ரோமம்.
தலைகீழாய்த் தொங்குவது
சிரித்தால் நமக்கு அழுகை.
நமக்காகச் சிரிக்க வைத்தால்
அது அழும்.
நாலு தாள் கிழித்தாயிற்று.

ரோஸ்ஹில்லில் டிசம்பர்.
சந்தை வாசலில் லிச்சி, கொத்துக் கொத்தாய்.
போன வாரம் ஒரு விலை, நேற்று ஒரு விலை,
மழை வந்தால் விலையே இல்லை.
கொழுந்தன் தேவராசன்
கொல்லை மரத்துக்கு வலை போர்த்தியிருக்கிறான்.
காற்றடிக்கும்போதெல்லாம் மரம்
கரையில் இழுத்துப் போட்ட பெரிய மீன்போல
மூச்சு வாங்குகிறது.

என் கதையில் வலை கிடையாது.
என் வௌவால் பழம் தின்று
மலைமேல் கொட்டையைத் துப்பும்.
பத்தாம் பக்கத்தில் அங்கே காடு.
நடுவில் உள்ள இரண்டு பக்கத்துக்கு
எத்தனை வருடம் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
புரட்ட ஒரு விரல் போதும்,
கொஞ்சம் எச்சில்.

செவ்வாய்க்கிழமை விடியலில்
வலையில் ஒன்று மாட்டிக்கொண்டது.
அது கத்தியது
நான் எழுதிய எந்த ஒலிக்குறிப்பிலும் இல்லை.
"பாதிப் பழம் போச்சு, அண்ணி,
உங்க புத்தகமா காசு தரும்?"
என்னிடம் பதில் இருந்தது.
அது பத்தாம் பக்கத்தில் இருந்தது.

துண்டை எறிந்து பிடித்தான்.
சமையல் கத்தரியால் வலையை அறுத்தான்,
புது வலை, இன்னும் கடன் அடையாதது.
கடைசி இழை அறுந்ததும்
அது அவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டு
பகல் வெளிச்சத்தில் தடுமாறிப் பறந்தது
கோர் தெ கார்ட் மலைப் பக்கம்.
நன்றி என்பது
குழந்தைக் கதைகளில் மட்டும் வரும் விலங்கு.
காந்தோஸ் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம்
வரிசையில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டோம்,
அவன் கையில்,
நான் வாயை மூடிக்கொண்டு.

சாயங்காலம் அவன் மகள் லோவேனா
அச்சுப்படியைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தாள்.
திருப்பிப் பிடி என்றேன்.
"இல்ல பெரியம்மா,
இப்பதான் சோவ்சூரி நேரா நிக்குது."

எட்டிப் பார்த்தேன்.
வௌவால் நின்றது, கவலையில்லாமல்.
நான் வரைந்த தகரக் கூரை வீடு தொங்கியது.
கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டை
மேகத்தை நோக்கிச் சரிந்தது.
மரம் தன் வேரைப் பிடித்துத் தொங்கியது.
முற்றத்தில் நிற்க வைத்த பையன்
பூமியைக் காலால் பற்றியிருந்தான்.
"இவன் விழப் போறான்," என்றாள்.
யார் பிடிப்பது என்று கேட்டேன்.
அவள் அதற்குள் அடுத்த பக்கம் போய்விட்டாள்.

வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால்
நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள்.
யார் வீட்டுக்கு யார் வந்தது என்று மட்டும்
அதில் இல்லை.

பதிப்பகத்துக்குச் சொன்னேன்:
சிரிப்பு வேண்டாம்,
ஏழாம் பக்கத்தைத் தலைகீழாய் அச்சடியுங்கள்.
"பைண்டிங் தப்பு என்று
கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள், மேடம்."
அனுப்பட்டும் என்று சொல்ல நினைத்தேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இரவு.
கட்டுப் போட்ட விரலோடு தேவராசன்
வலையின் ஓட்டையைத் தைக்கிறான்.
நான் டார்ச் பிடிக்கிறேன்.
உச்சிக் கிளை வலைக்கு வெளியே நிற்கிறது,
பழம் சிவந்து.
ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை.
ஏணி எட்டவில்லை என்பான்.
ஏணி எட்டாததும்
உண்மைதான்.